பர்மா வணிகம் பற்றி எழுதிய வரலாற்றாசிரியரிடம் எதைக் கேட்பது?

காரைக்குடி வாசகன்:
அனைவருக்கும் வணக்கம். எங்கள் வாசகர் வட்டத்தின் அடுத்த கூட்டத்திற்கு, நகரத்தார் எனப்படும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் பர்மா (இன்றைய மியான்மர்) வணிகத்தை ஆராய்ந்து நூல் எழுதிய வரலாற்றாசிரியர் ஒருவர் வர இசைந்திருக்கிறார். சொற்பொழிவாக வேண்டாம், உரையாடலாக அமையட்டும் என்று முடிவு செய்து, கேள்வி கேட்கும் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். இத்தகைய நிகழ்ச்சிகளில் கேட்பவர் நூலைப் பாராட்டுவதும், ஆசிரியர் முன்னுரையில் எழுதியதையே திரும்பச் சொல்வதுமாக நேரம் கழிந்துவிடுகிறது. எழுதும்போது அவருக்கு எங்கே ஐயம் எழுந்தது, எதைச் சேர்க்காமல் விட்டார் என்பதை அவர் வாயால் கேட்கவே விரும்புகிறேன். எந்தக் குடும்பங்களைப் பற்றி எழுதினாரோ, அவற்றின் பேரப்பிள்ளைகள் பலர் கூட்டத்தில் இருப்பார்கள் என்பதால் சற்றுத் தயக்கமும் உண்டு. எப்படித் தயாராவது?

தேவகோட்டை ஆசிரியர்:
தம்பி, அவருடைய முடிவுகளைக் கேட்காதீர்கள். அம்முடிவுகளுக்கு அவர் வந்து சேர்ந்த வழியைக் கேளுங்கள். "நம்மவர்கள் ஏன் பர்மாவுக்குப் போனார்கள்?" என்று கேட்டால், நூலின் முதல் இயலே விடையாக வரும். கீழ்ப் பர்மாவின் முதன்மையான 13 நெல் மாவட்டங்களில் 1930இல் சாகுபடி நிலத்தில் நூற்றுக்கு 6 பங்கே செட்டியார்களிடம் இருந்தது. 1938இல் அது 25 பங்காகிவிட்டது. உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை வீழ்ந்து, கடனைத் திருப்ப முடியாத உழவர்களின் அடமான நிலங்கள் கைமாறியதே காரணம். இந்தக் கணக்கை எழுதி வைத்தவர்கள் யார், நிலத்தை இழந்த பர்மிய உழவரின் குரல் எந்த ஆவணத்தில் கிடைக்கிறது, கிடைக்காத இடத்தில் அவர் என்ன செய்தார் என்று கேளுங்கள். பேரப்பிள்ளைகள் இருக்கும் அவை என்பதற்காகவே அக்கேள்வியைத் தவிர்க்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

நம் மரபில் இதற்கு வழிகாட்டி உண்டு. அகப்பொருள் இலக்கண நூலான இறையனார் களவியலுக்கு எழுந்த பழைய உரையைப் புரட்டிப் பாருங்கள். உரைகாரர் ஒன்றைச் சொன்னவுடன் கேட்பவன் நிலையில் நின்று தாமே தடை எழுப்பி, அதற்கு விடை கூறிய பின்னரே அடுத்ததற்குச் செல்கிறார். விடையைக் கேட்டுவிட்டு அங்கேயே நின்று இன்னொரு வினா எழுப்புகிறவரே நல்ல உரையாடலைத் தருகிறார். எழுதி வந்த பட்டியலைத் தீர்ப்பதில் குறியாக இருப்பவரால் அது முடிவதில்லை.

கானாடுகாத்தான் ஆச்சி:
ஆசிரியர் ஐயா சொன்னதோடு உடன்படுகிறேன். ஆனால் ஆவணம் என்றால் பேரேடும் ஐந்தொகையும் (வரவு செலவுக் கணக்கேடுகள்) மட்டும்தானா? கடையை நடத்தும் மேலாளும் அவருக்கு உதவும் அடுத்தாளும் மூன்றாண்டுக் கணக்குக்கு, அதாவது மூன்றாண்டுப் பணிக்கு, கடல் கடந்து போயிருந்த காலத்தில், வளவையும் (வீட்டையும்) பிள்ளைகளையும் கோயில் முறைகளையும் பார்த்துக்கொண்டவர்கள் பெண்கள். அவர்கள் கொண்டுவந்த சீதனப் பணம் கடைகளில் வட்டிக்கு இருந்தது. அதாவது வணிகத்தின் முதலிலேயே அவர்கள் பங்கு இருக்கிறது. அப்படியிருந்தும் வணிக வரலாறுகளில் ஆச்சிமார் (நகரத்தார் பெண்கள்) அடிக்குறிப்பாகவே வந்து போகிறார்கள்.

திருமணத்தில் எழுதப்படும் ஒப்பந்த ஆவணமான இசைகுடிமானமும், சீர் சாமான் பட்டியல்களும் எத்தனையோ வீடுகளின் பெட்டகங்களில் இருக்கின்றன. அவற்றைப் பார்த்தாரா, பார்த்திருந்தால் நூலின் வாதம் எந்த இடத்தில் மாறியிருக்கும் என்று கேளுங்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா அவர்கள் பிறர் குப்பையென்று ஒதுக்கிய அச்சுத் தாள்களையும் சேர்த்து வைத்ததால்தான், 1992இல் அவர் மறைந்த பின்னும் சென்னையில் அவர் பெயரிலான ஆராய்ச்சி நூலகத்தில் அவை ஆய்வாளர்களுக்குக் கிடைக்கின்றன. எந்தத் தாளை யார் காப்பாற்றினார்கள் என்பதைப் பொறுத்தே வரலாறு எழுதப்படுகிறது என்பதை அந்த அவை உணர வேண்டும்.

கோனாபட்டு:
ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். சா. கணேசன் அவர்கள் 1939இல் தொடங்கிய கம்பன் கழகத்தின் மேடைகளைக் கேட்டு வளர்ந்த ஊர் காரைக்குடி. பட்டிமண்டபத்தின் சுவையை நன்கறிந்த அவையினர் இறுதியில் ஒரு தீர்ப்பை எதிர்பார்ப்பார்கள்; "செட்டியார்கள் நல்லது செய்தார்களா, கெட்டது செய்தார்களா?" என்ற கேள்வியும் நிச்சயமாக எழும். அதை நீங்கள் எடுத்துக்கொண்டு, கடன் கிடைக்காமல் காடு வயலாகியிருக்குமா, அதே கடன் வயலை எவ்வாறு பறித்தது என்ற இரு வினாக்களாக்கி அவரிடம் கொடுங்கள்.

காரைக்குடி வாசகன்:
மூவருக்கும் மிக்க நன்றி. உழவர் குரல் பற்றிய கேள்வியிலேயே தொடங்குகிறேன். ஆச்சி, எங்கள் வீட்டில் பாட்டியின் இசைகுடிமானம் இருக்கிறது. அதை மேடையில் அவரிடம் காட்டிக் கருத்துக் கேட்கலாமா?

கானாடுகாத்தான் ஆச்சி:
மேடையில் திடீரென்று நீட்ட வேண்டாம். நகல் எடுத்து முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள். கற்றவர்கள் படித்துப் பார்த்துவிட்டுச் சொல்லும் விடையே நமக்கு வேண்டும். அதில் பெயர் வரும் உறவினர்களிடம் முதலில் ஒரு சொல் கேட்டுக்கொள்ளுங்கள்.