பாக் மூன்றாவது ஆள்தான்!

பெரியப்பா: பாப்பு, வீடியோவில் வாசித்தாயே, அது யார் போட்டது? விரல் கொஞ்சம் அவசரப்படுகிறது, மற்றபடி அருமை.

பாப்பு: பாக், பெரியப்பா. அந்தக் காலத்து ஜெர்மன் இசையமைப்பாளர். கீபோர்டு தேர்வுக்கு.

சித்தப்பா: அவ்வளவு பெரிய ஆள்! ஜெர்மனியில் வீடு தேடி வந்து வேலை கொடுத்திருப்பார்கள்.

பாப்பு: எங்கே சித்தப்பா! 1723-ல் லைப்சிக் நகரத்தில் தேவாலய இசைப் பொறுப்பு கிடைத்தபோது அவர் மூன்றாவது ஆள்தான் 😄

அத்தை: முதல் ஆள் யாராம்?

பாப்பு: டெலிமான், இன்னொரு இசையமைப்பாளர். அப்போது அவருக்குத்தான் பெரிய பேர். லைப்சிக்காரர்கள் கூப்பிட்டதைக் காட்டி ஹாம்பர்க்கில் சம்பளத்தை ஏற்றிக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டார்.

சித்தப்பா: எங்கள் ஆபீசிலும் ஆஃபர் லெட்டரை வைத்து இதைத்தான் செய்கிறார்கள் 😂

பாப்பு: அடுத்தவர் கிராப்னர், அவரும் இசையமைப்பாளர்தான். அவர் வேலை பார்த்த டார்ம்ஸ்டாட் ஊர்ப் பிரபு விடமாட்டேன் என்றுவிட்டார், அவருக்கும் சம்பளம் கூடியது. ஆனாலும் பாக் நல்ல ஆள் என்று லைப்சிக்குச் சிபாரிசுக் கடிதம் எழுதினார்.

அத்தை: தங்கமான மனுஷன். டெலிமான் மேல் பாக்குக்கு எரிச்சல் இருந்திருக்குமே?

பாப்பு: அவர்கள் பழைய சிநேகிதர்கள் அத்தை. 1714-ல் பிறந்த பாக் மகன் கார்ல் பிலிப் இமானுவேலுக்கு ஞானத்தந்தையே டெலிமான்தான். 1767-ல் டெலிமான் இறந்தபிறகு ஹாம்பர்க் பொறுப்புக்கு வந்ததும் அதே மகன்தான்.

பெரியப்பா: அது சரி, பாக்குக்கு வேலை என்ன? வாசிப்பது மட்டுமா?

பாப்பு: ஞாயிற்றுக்கிழமை வழிபாட்டுக்குப் பாட்டு எழுத வேண்டும், பள்ளிப் பையன்களைப் பாடப் பழக்க வேண்டும், லத்தீன் வேறு நடத்த வேண்டும். லத்தீனுக்கு மட்டும் கைக்காசு கொடுத்து வேறு ஆளை வைத்துவிட்டார்.

சித்தப்பா: சம்பளம்?

பாப்பு: வருஷத்துக்கு 700 தாலர் (அந்தக் காலத்து ஜெர்மன் வெள்ளிக்காசு) போல வரும் என்று 1730-ல் நண்பருக்கு எழுதியிருக்கிறார். அதில் கல்யாணம், சாவு வீட்டுப் பாட்டுக் காசும் சேர்த்தி. ஊரில் நல்ல காற்று அடித்தால் சாவு குறைந்துவிடுகிறது, போன வருஷம் அதில் மட்டும் 100 தாலருக்கு மேல் போச்சு என்று புலம்பல்!

அத்தை: ஐயோ, இப்படியா எழுதுவது!

பாப்பு: 20 பிள்ளைகள் பிறந்து, 10 பேர்தான் பிழைத்து வளர்ந்தார்கள் அத்தை.

அத்தை: ம்ம்... அப்படியென்றால் புலம்பாமல் என்ன செய்வார், பாவம்.

பெரியப்பா: அந்த டெலிமான் போட்டது ஏதாவது இருந்தால் அனுப்பு.

பாப்பு: வயோலா கான்செர்ட்டோ அனுப்பியிருக்கிறேன், வயலினைவிடக் கொஞ்சம் பெரிய வயோலாவை முன்னால் வைத்து மற்ற வாத்தியங்களும் சேர்ந்து வாசிப்பது. முதல் பகுதி ரொம்ப மெதுவாகப் போகும், தூங்கிவிடாதீர்கள்.