28 எழுத்து ஆங்கில வார்த்தை: அரசை எதிர்ப்பதா, திருச்சபையைக் காப்பதா?

கேட்டவர்: பூவரசு
மகள் பள்ளி வினாடி வினாவில் ‘ஆன்டிடிஸ்எஸ்டாப்ளிஷ்மென்டேரியனிசம்’ (antidisestablishmentarianism) என்றால் என்ன என்று கேட்டிருக்கிறார்கள். ‘ஆளும் வர்க்கத்தை எதிர்ப்பது’ என்று எழுதித் தப்பாகிவிட்டது. எஸ்டாப்ளிஷ்மென்ட் என்றால் அதுதானே, முன்னால் ஆன்டி வேறு இருக்கிறது? விடையில் சர்ச் என்று வருகிறதாம். சர்ச் எங்கிருந்து வந்தது?

பதில்: தாழ்வாரம்
நடுவில் இருக்கும் ‘டிஸ்’ஸை விட்டுவிட்டீர்கள். ‘தடை நீக்க எதிர்ப்பாளர்’ என்றால் தடை இருக்கட்டும் என்பவர்தானே? அதே கணக்குதான், இரண்டு மறுப்பும் ஒன்றையொன்று தின்றுவிடும். அப்புறம், எஸ்டாப்ளிஷ்மென்ட் இங்கே ஆளும் வர்க்கம் இல்லை. உறுதிப்படுத்துவது என்ற பொருளுள்ள லத்தீன் வேரிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்த சொல் அது. சர்ச் விஷயத்தில், சட்டத்தால் நாட்டின் அதிகாரபூர்வ சபையாக ஆக்கப்பட்டது என்று பொருள். இங்கிலாந்தில் 1534லேயே மன்னர் எட்டாம் ஹென்றி தன்னைச் சபைத் தலைவராக்கிக்கொண்டார். 19ஆம் நூற்றாண்டில் அந்தப் பிணைப்பை அறுக்கச் சொன்னவர்கள் ‘டிஸ்’ கட்சி, கூடாது என்றவர்கள் ‘ஆன்டிடிஸ்’ கட்சி.

பூவரசு:
சரி, புரிகிறது. யார் ஜெயித்தார்கள்?

பதில்: கல்தூண்
இடத்துக்கு இடம் வேறு. அயர்லாந்தில் பெரும்பாலோர் கத்தோலிக்கர், ஆனால் அரசின் அதிகாரபூர்வ சபை ஆங்கிலிக்கன், அதாவது இங்கிலாந்து சபை வழி வந்தது. அந்த அபத்தத்தை பிரிட்டிஷ் பிரதமர் கிளாட்ஸ்டனின் 1869 சட்டம் முடித்துவைத்தது, 1871 ஜனவரி 1 முதல் அமல். வேல்ஸுக்கு 1914இல் சட்டம் வந்தும் உலகப்போரால் தள்ளிப்போய் 1920இல்தான் நடந்தது. இங்கிலாந்தில் மட்டும் ‘ஆன்டிடிஸ்’காரர்கள் இன்றுவரை தோற்கவில்லை, பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் பிரபுக்கள் சபையில் 26 பிஷப்புகளுக்கு இடம் இருக்கிறது. ஆனால் இந்த வார்த்தையை இப்போது நீளத்துக்காகச் சொல்கிறார்களே தவிர, பொருளுக்காகச் சொல்பவர் அபூர்வம். பள்ளிப் பிள்ளையிடம் கேட்டதே கொஞ்சம் அநியாயம்.

பதில்: தாழ்வாரம்
விட்டுப்போனது ஒன்று: இந்தியாவிலும் இது நடந்தது. 1927 சட்டப்படி, 1930இல் இங்குள்ள ஆங்கிலிக்கன் சபை இங்கிலாந்து சபையிலிருந்து சட்டப்படி பிரிந்தது. தென்னிந்தியப் பகுதி பிறகு 1947இல் தென்னிந்தியத் திருச்சபையில் (சிஎஸ்ஐ) சேர்ந்துகொண்டது.

பூவரசு:
நாங்களே சிஎஸ்ஐதான், இது தெரியாது! மகளிடம் ‘தடை நீக்க எதிர்ப்பாளர்’ சொன்னதும் பிடித்துக்கொண்டாள். இப்போது 28 எழுத்து சரியா என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டிருக்கிறாள், இரண்டு தடவையும் 27தான் வருகிறதாம்.