கண்ணாடி இழை கலந்த நைலான் உறுப்பு: இழைகளின் திசையை எக்ஸ்ரேயில் பார்க்க முடியுமா?

அம்பத்தூர்_மோல்டிங்:
வணக்கம். 30 விழுக்காடு கண்ணாடி இழை கலந்த நைலான் 66-இல் நாங்கள் வார்க்கும் ஒரு தாங்கி, திருகுத் துளையை ஒட்டியே விரிசல் விடுகிறது. கிண்டியிலுள்ள பிளாஸ்டிக் தொழில்நுட்ப நிறுவனமான சிப்பெட்டில் எரித்து எடை பார்த்ததில் இழையின் அளவு சரியாகவே இருந்தது. ஒரு சாண் நீளமுள்ள இந்தத் தாங்கியை முழுதாக சி.டி. ஸ்கேன் செய்தால் இழைகள் எந்தப் பக்கம் படுத்திருக்கின்றன என்பது தெரியுமா?

இழையியல்:
தெரியாது ஐயா, துண்டு வெட்டித்தான் ஆக வேண்டும். கண்ணாடி இழையின் விட்டம் பொதுவாக 10 முதல் 17 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) என்பதால், அவை தனித்தனியாகத் தெரிய வோக்சல், அதாவது முப்பரிமாணப் படத்தின் மிகச் சிறிய கனசதுரம், 3 மைக்ரானை ஒட்டி இருப்பது நல்லது. 2,000 பிக்சல் அகலமுள்ள டிடெக்டரில் அப்போது அடங்குவது சுமார் 6 மில்லிமீட்டர்தான். அச்சின் நுழைவாயிலான கேட்டிலிருந்து வரும் உருகிய நைலான், துளையை உருவாக்க அச்சில் நிற்கும் கம்பியைச் சுற்றி இரண்டாகப் பிரிந்து அதன் பின்புறம் மீண்டும் சேர்கிறது. வெல்டு லைன் எனப்படும் அந்த இணைப்பில் இழைகள் இணைப்பைக் கடந்து செல்லாமல் அதன் தளத்திலேயே படுத்துவிடுவதால், சுமையைத் தாங்குவது ஏறக்குறைய நைலான் மட்டுமே. என் சந்தேகமும் அங்கேதான். சுவரின் முழுத் தடிமனும் வருமாறு அங்கே ஒரு துண்டையும், துளைக்கு எட்டத்தில் மற்றொன்றையும் எடுங்கள். துண்டு எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்பதை மார்க்கரில் குறித்தால், அந்த மை ஸ்கேனில் தெரியாது. கேட் இருக்கும் பக்கத்து மூலையைச் சற்றே சீவி அடையாளம் வையுங்கள்.

சி.டி._ஆய்வகம்:
கண்ணாடியின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 2.5 கிராமுக்கு மேல், நைலானுடையது 1.14, ஆகையால் படத்தில் இரண்டும் தெளிவாகப் பிரியும். எடையில் 30 விழுக்காடு என்பது கன அளவில் ஏறத்தாழ 16 விழுக்காடுதான். மென்பொருளில் இழையை நைலானிலிருந்து பிரித்தெடுக்க வைக்கும் வெளிச்ச அளவின் வரம்பை இந்த எண்ணோடு ஒப்பிட்டுச் சரிபாருங்கள். திசையைக் கணக்கிட 1987-இல் அத்வானியும் டக்கரும் முன்வைத்த ஓரியன்டேஷன் டென்சரே (இழைகள் எந்தத் திசையில் எவ்வளவு படுத்துள்ளன என்பதைச் சொல்லும் எண் அணி) இன்றும் வழக்கில் உள்ளது. ஆனால் துண்டு முழுவதற்கும் ஒரே சராசரி எடுக்க வேண்டாம்: மேற்பரப்பை அடுத்த அடுக்குகளில் இழைகள் பெரும்பாலும் ஓட்டத்தின் திசையிலும் நடு அடுக்கில் அதற்குக் குறுக்காகவும் கிடப்பதால், சராசரி அந்த வேறுபாட்டை மறைத்துவிடும். தடிமன் நெடுக, அடுக்கடுக்காக வரைபடம் கேளுங்கள்.

அம்பத்தூர்_மோல்டிங்:
மிக்க நன்றி. கார்பன் இழைக்கும் இதே முறை பொருந்துமா?

சி.டி._ஆய்வகம்:
அது கடினம். விட்டம் 5 முதல் 7 மைக்ரான், அடர்த்தி சுமார் 1.8 மட்டுமே, எக்ஸ்ரேயை நைலானைப் போலவே குறைவாக உறிஞ்சும் என்பதால், ஃபேஸ் கான்ட்ராஸ்ட் (உறிஞ்சலை அல்லாமல் எக்ஸ்ரே அலையின் கட்ட மாற்றத்தைக் கொண்டு படமெடுக்கும் முறை) வசதியுள்ள கருவியும் இன்னும் சிறிய துண்டும் தேவைப்படும்.