பழைய எம்எக்ஸ்-5க்கு ஸ்டீயரிங் வீல்: 350 மி.மீ. போடுவதா, 330 போடுவதா?

நீலக்கூரை:
வணக்கம் நண்பர்களே. முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5 (சின்ன இரண்டு சீட் கார்) ஒன்றை இரண்டு வருடமாக ஓட்டுகிறேன். பவர் ஸ்டீயரிங், ஏர்பேக்கோடு வந்த அசல் வீல். அந்த வீலை மாற்றலாமா என்று ரொம்ப நாளாக யோசனை. முதல் காரணம், நான் ஆறடிக்கு மேல் உயரம், கிளட்சை மிதிக்கும்போதெல்லாம் இடது முழங்கால் வீலின் அடியில் இடிக்கிறது, இந்த வண்டியில் வீலை ஏற்றி இறக்கவும் வழி கிடையாது. இரண்டாவது, ரிம், அதாவது கை பிடிக்கும் வளையம், மெல்லியதாக இருக்கிறது, தோலும் தேய்ந்து வழுக்குகிறது, வளைவுகளில் கை இறுகப் பிடித்தே வலிக்கிறது. அசலின் விட்டத்தை அளந்தேன், ஏறக்குறைய 370 மி.மீ. 330 போட்டால் ஸ்டீயரிங் வேகமாகும் என்கிறார்கள், 350 போதும் என்றும் சொல்கிறார்கள். அடி தட்டையான டி வடிவம் நல்லதா? உறை வழுவழுப்பான தோலா, சூயிடா (மென்மயிர் போல சொரசொரப்பான தோல்)? தினமும் ஓட்டும் வண்டி, எப்போதாவது ஒரு நாள் டிராக்கில் ஓட்டுவேன். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ரேக்பினியன்:
முதலில் அந்த "வேகமாகும்" பேச்சைத் தள்ளி வைத்துவிடுங்கள். வீலின் விட்டம் மாறினால் ஸ்டீயரிங்கின் பல்விகிதம் மாறாது. வீலை அரைச் சுற்று திருப்பினால் டயர் எவ்வளவு திரும்புமோ, 330 போட்டாலும் அவ்வளவுதான் திரும்பும். குறைவது உங்கள் கை கடக்கும் தூரம். 370இல் ஒரு முழுச் சுற்றுக்குக் கை சுமார் 116 செ.மீ. போகிறது என்றால் 330இல் 104 செ.மீ. போகும். அதனால்தான் சுறுசுறுப்பாகத் தெரிகிறது. அதற்கு ஈடாகக் கை கொடுக்க வேண்டிய விசை கூடும், 350க்கு ஏறக்குறைய 6 சதவீதம், 330க்கு 12 சதவீதம். பவர் ஸ்டீயரிங் என்பதால் நிறுத்தும்போது உங்களுக்குக் கஷ்டம் தெரியாது. பவர் ஸ்டீயரிங் இல்லாத வண்டியில் 330 போட்டவர்கள் ஒவ்வொரு முறை பார்க்கிங் செய்யும்போதும் தோள் வலியோடு இறங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று, சின்ன வீலின் மேல் விளிம்பு கொஞ்சம் கீழே வரும், அது ஸ்பீடோமீட்டரையும் ஆர்பிஎம் முள்ளையும் மறைக்கக்கூடும். வாங்குவதற்கு முன் அட்டையில் 350க்கு ஒன்று, 330க்கு ஒன்று என வளையம் வெட்டி, நின்ற வண்டியில் வீல் மேல் ஒட்டி உட்கார்ந்து பாருங்கள். பத்து நிமிட வேலை. என் ஓட்டு 350க்கு.

வளைவுப்பாதை:
முழங்கால் பிரச்சினைக்கு எல்லோரும் விட்டத்தையே பார்க்கிறார்கள், ஆனால் கணக்குப் போட்டால் 370க்குப் பதில் 350 போட்டால் அடியில் கிடைப்பது 10 மி.மீ. மட்டும்தான். நீங்கள் கவனிக்க வேண்டியது குழிவு, அதாவது வீலின் நடுப்பகுதியிலிருந்து ரிம் எவ்வளவு தூரம் உங்களை நோக்கி வெளியே நிற்கிறது என்பது. உயரமானவர்கள் காலுக்காக சீட்டைப் பின்னால் தள்ளிவிடுவார்கள், அப்புறம் கை நீண்டுபோய்விடும். இரண்டு தோளும் சீட்டில் பதிந்திருக்கும்போது கையை நீட்டினால் மணிக்கட்டு ரிம்மின் உச்சியில் விழ வேண்டும். விரல்கள் மட்டும் எட்டினால் வீல் உங்களுக்குத் தூரம் என்று அர்த்தம். குழிவுள்ள வீல் ரிம்மை உங்கள் பக்கம் கொண்டுவருகிறது, ஸ்டீயரிங் தண்டு ஓட்டுநரை நோக்கிச் சாய்ந்து மேலே ஏறுவதால் ரிம் கொஞ்சம் உயரவும் செய்யும், தொடையோ முழங்காலிலிருந்து இடுப்பை நோக்கித் தாழ்ந்துகொண்டே போகிறது, அதனால் ரிம்முக்கும் காலுக்கும் நடுவில் எதிர்பார்த்ததைவிட நல்ல இடைவெளி கிடைக்கும். எனக்கு இதில்தான் விடிவு வந்தது. ஆனால் ரிம் நெருங்கும் அளவுக்கு இண்டிகேட்டர் லீவர் விரலுக்குத் தூரமாகும், ரொம்ப ஆழமான 90 மி.மீ. குழிவு தினசரி வண்டிக்குத் தொல்லை. 65 வரை சரி.

டி வடிவம் வேண்டாம் என்பேன். ஏறி இறங்க வசதிதான், ஆனால் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு ஏறக்குறைய மூன்று சுற்று சுற்றும் ஸ்டீயரிங்கில், கைமாற்றித் திருப்பும்போது அந்தத் தட்டை இடம் எங்கே வரும் என்று கை தேடிக்கொண்டே இருக்கும். கையை எடுக்காமலே முழுதும் திருப்பிவிடக்கூடிய பந்தயக் கார்களுக்கு அது பொருந்தும்.

பிடியின் தடிமன் பற்றி நீங்கள் சொன்னது முற்றிலும் சரி. ஸ்டீயரிங் வீல் செய்யும் மோமோ நிறுவனத்தின் தொடக்கமே அதுதான். ஜியான்பியரோ மொரெட்டி அன்றைய மெல்லிய வீல்கள் பிடிக்காமல் தன் பந்தயக் காருக்குத் தடித்த பிடியுள்ள ஒன்றைச் செய்யவைத்தார், அது பந்தய ஓட்டுநர் ஜான் சர்ட்டீஸின் ஃபெராரிக்குப் போனது, 1964இல் அவர் ஃபார்முலா 1 உலகச் சாம்பியனும் ஆனார்.

மூன்றாம்கியர்:
தம்பி, யாரும் ஏர்பேக் பற்றிப் பேசவில்லையே. அதை முடிவு செய்யாமல் 350, 330 என்று போகாதீர்கள். இங்கே சொல்லப்படும் வீல்கள் எதிலும் ஏர்பேக் இருக்காது. மோதலில் முகத்துக்கு முன்னால் இருக்கப்போவது ஓர் அலுமினியத் தட்டும் ஹார்ன் பட்டனும்தான். பல இடங்களில் ஏர்பேக்கைக் கழற்றுவது சட்டப்படி தவறு, காப்பீட்டிலும் சிக்கல் வரும், உங்கள் ஊர் விதியைப் பாருங்கள். ஹப்போடு (புது வீலை ஸ்டீயரிங் தண்டில் பொருத்தும் இணைப்புத் துண்டு) கொடுக்கும் ரெசிஸ்டரைப் போட்டால் டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரியாது, ஆனால் அந்த ரெசிஸ்டர் செய்வது ஏர்பேக் இருப்பதாக வண்டியை நம்பவைப்பது மட்டும். பிறகு வண்டியை விற்றால் வாங்குபவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

ஏர்பேக்கை வைத்துக்கொண்டே செய்ய வேறு வழி இருக்கிறது. அசல் வீலின் பழைய தோலை உரித்து, உள்ளே மெல்லிய ஃபோம் வைத்துத் தடிமனாக்கிப் புதுத் தோல் தைக்கலாம், கை வலி தீரும். முழங்காலுக்கு, சீட்டின் அடி ஃபோமை வெட்டிக் குறைப்பது உயரமான எம்எக்ஸ்-5காரர்கள் காலங்காலமாகச் செய்யும் வேலை. நான் அதைத்தான் முதலில் செய்தேன், தலைக்கும் கூரைக்கும் நடுவிலும் இடம் கிடைத்தது.

புதிய கார் வைத்திருப்பவர்கள் யாராவது படித்தால், உங்களுக்கும் நான் சொல்வது தோல் மாற்றும் வழியைத்தான். வீலில் இருக்கும் பட்டன்கள், ரிம்முக்குள் கை இருக்கிறதா என்று பார்க்கும் உணரி, எல்லாவற்றையும் இழந்து ஒரு வீல் போடுவதில் பயனில்லை.

இரும்புக்கை:
ஒர்க்ஷாப்பில் வேலை செய்கிறேன், மாட்டுவது பற்றி மட்டும் சொல்கிறேன். மோமோ, ஸ்பார்கோ, ஓஎம்பி வீல்களுக்கு ஆறு போல்ட், அவை அமையும் வட்டத்தின் விட்டம் 70 மி.மீ. நார்டி, பெர்சனல் வீல்களுக்கு 74. ஹப் வாங்கும்போது இதைப் பார்க்காமல் வாங்கி, ஓட்டையை ராவி அகலமாக்கிக் கொண்டுவருகிறார்கள், அதை நான் மாட்டிக் கொடுக்க மாட்டேன். இரண்டு வட்டமும் உள்ள ஹப் கிடைக்கிறது. ஹப் உங்கள் வண்டியின் ஸ்ப்லைனுக்கென்றே (தண்டின் முனையில் உள்ள பற்கள்) செய்ததாக இருக்க வேண்டும், இண்டிகேட்டர் தானாக அணைவதற்கான முனை அதில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கழற்றும் முன் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிச் சில நிமிடம் காத்திருங்கள். ஏர்பேக்கைத் தூக்கும்போது மூடி உங்களைப் பார்க்கக் கூடாது, கீழே வைத்தால் மூடி மேலே பார்க்க வேண்டும். சக்கரம் நேராக இருக்கும்போது தண்டிலும் வீலிலும் ஒரு பெயிண்ட் கோடு போடுங்கள். நடு நட்டைத் தளர்த்தி, முழுதும் எடுக்காமல் இரண்டு மூன்று சுற்று விட்டு வைத்துக்கொண்டு வீலை இழுங்கள், இல்லாவிட்டால் இறுகி நின்ற வீல் திடீரென்று விட்டு முகத்தில் அடிக்கும். திரும்ப மாட்டும்போது நட்டை டார்க் ரெஞ்சால் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்), சர்வீஸ் புத்தகத்தில் உள்ள அளவுக்கு இறுக்குங்கள்.

போலி வீல் வேண்டவே வேண்டாம். விலை குறைவு என்று ஒருவர் வாங்கி வந்த வீலைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன், ஸ்போக் கைக்கே வளைந்தது. சூயிட் பற்றிக் கேட்டீர்கள். கையுறை போட்டு ஓட்டினால் அருமை, வெறுங்கையில் தினமும் ஓட்டினால் வியர்வையும் எண்ணெயும் ஏறிப் படிந்து பளபளவென்று வழுக்க ஆரம்பிக்கும். சூயிட் போலவே இருக்கும் அல்கன்டாராவும் அப்படித்தான், அது செயற்கை இழை என்றாலும் அடிக்கடி துடைக்க வேண்டும். உங்களுக்குத் தோல்.

நீலக்கூரை:
எல்லோருக்கும் நன்றி. மூன்றாம்கியர் அண்ணா சொன்னது மனதைத் தைத்தது, வாரம் ஐந்து நாள் நெடுஞ்சாலையில் ஓட்டுகிறேன், ஏர்பேக்கை எடுக்க மனம் வரவில்லை. இன்று காலை சீட்டைக் கழற்றிப் பார்த்தேன், அடியில் ஃபோம் நிறையவே இருக்கிறது. அதைக் குறைத்துவிட்டு, அசல் வீலுக்குத் தடிமனான தோல் தைக்கக் கொடுக்கப்போகிறேன். அட்டை வளையமும் வெட்டி வைத்துப் பார்த்தேன், 330இல் ஆர்பிஎம் முள்ளின் மேல் பாதி காணாமல் போனது, 350இல் பிரச்சினை இல்லை. மணிக்கட்டுச் சோதனையில் விரல்தான் எட்டியது, அதனால் சீட்டின் சாய்வையும் கொஞ்சம் நிமிர்த்தியிருக்கிறேன். ஒரு கேள்வி மட்டும்: ஃபோமை எவ்வளவு வெட்டலாம்?

மூன்றாம்கியர்:
முதலில் இரண்டு செ.மீ., அதுவும் பின்பக்கம், உட்காரும் எலும்பு படும் இடத்தில் மட்டும். தொடைக்குக் கீழே முன்பக்கத்தை விட்டுவிடுங்கள். ஒரு வாரம் ஓட்டிப் பார்த்து அப்புறம் அடுத்த வெட்டு. வெட்டிய துண்டைத் தூக்கிப் போடாதீர்கள்.