மறு: சதுரத் தரை ஓடுகளை நேர்வரிசையாகப் பதிப்பதற்கு என்ன சொல்?

வணக்கம். ஓடுகளைத் தள்ளி வைக்காமல், மூட்டுகள் குறுக்கிலும் நெடுக்கிலும் ஒரே கோட்டில் வரப் பதிப்பதற்குத் தமிழ்ச் சொல் கேட்டிருந்தீர்கள். அதற்கு வந்த ஒரு பதில்:

> 'அடுக்குப் பிணைப்பு' என்று வைக்கலாமே. சுவர் வேலையோடும் ஒத்துப்போகும்.

எனக்கு இது சரிப்படவில்லை. சுவரில் செங்கல்லைப் பாதி தள்ளி வைப்பது ஒன்றையொன்று கவ்விப் பிடிக்கத்தான். மூட்டுகள் மேலிருந்து கீழே ஒரே கோட்டில் வந்தால் அங்கே பிணைப்பு ஏது? வெடிப்பு ஓட வழிதான் கிடைக்கும். தரையிலோ ஓட்டைத் தாங்குவது அடியிலுள்ள சாந்து, பக்கத்து ஓடு அல்ல. பிணைப்பைச் சுவர்க்காரரிடமே விட்டுவிடுவோம்.

'சதுரப் பதிப்பு'ம் உதவாது. நீள்சதுர ஓட்டையும் இப்படிப் பதிக்கலாம். 'சதுரங்கப் பதிப்பு' என்றால் கறுப்பும் வெள்ளையும் எங்கே என்பார்கள். 'நேர்ப்பதிப்பு' பரவாயில்லை. ஆனால் பாதி தள்ளிப் பதித்தாலும் ஒரு பக்கக் கோடு நேராகத்தானே போகிறது?

அண்மையில் மட்டக்களப்பு, கல்லடியில் எங்கள் வீட்டு ஹோலுக்கு 2 அடி மாபிள் பதித்தார்கள். (ஓடு பீங்கான்தான், இங்கே பலருக்கு அதுவும் மாபிள்.) மேசன் முதலில் ஓட்டைத் தொடவேயில்லை. மூலையிலிருந்து ஒரு சுவரில் 3 அடி, மற்றச் சுவரில் 4 அடி குறித்து, குறுக்கே 5 அடி வருகிறதா என்று அளந்தார் (மூலை செங்கோணமானால் சரியாக 5 வரவேண்டும்). ஒரு விரற்கடை கூட வந்தது. "சுவர் பிழை மனே, நூல்ல போவம்" என்று அறையின் நடுவே குறுக்கும் நெடுக்குமாக இரண்டு நூல் பிடித்தார். அப்புறம் அவர் கண் போனதெல்லாம் நாலு ஓட்டின் மூலைகள் சேரும் இடத்துக்குத்தான். அங்கே மூட்டிடைவெளி ஒரே அளவாக வர ஒரு பிளஸ் துண்டை வைத்து அழுத்துவார், திரும்பப் பார்ப்பார். மூட்டுக்கு 1 மில்லிமீற்றர் பிசகினாலும் பத்து மூட்டில் 1 சென்ரிமீற்றர் ஆகிவிடும். தள்ளிப் பதித்த தரையில் சின்னப் பிசகு கண்ணுக்குப் படாது. இதில் ஒவ்வொரு மூலையும் காட்டிக்கொடுக்கும்.

இந்தப் பதிப்பின் அடையாளம் அந்த மூலைதான். நாலு ஓடு கூடினால் நாற்சந்தி. பாதி தள்ளினால் மூன்றுதான் கூடும், முச்சந்தி. தெருவில் நடக்கிற எவருக்கும் விளங்கும் சொற்கள். ஓட்டை 45 பாகை திருப்பிப் பதித்தாலும் சந்தி மாறாது, 'சாய்ந்த நாற்சந்தி' என்றால் போதும்.

ஒரு சிக்கல் இருக்கிறது. மீன்முள் மாதிரிப் பதிப்பதும் அறுகோண ஓடும் முச்சந்திக்குள் வந்துவிடும். அவற்றுக்குத் தனிப்பெயர் வைத்தே ஆகவேண்டும். நாற்சந்திக்கு அந்தத் தொல்லை இல்லை.

மிச்சம் பின்னொட்டு. 'நாற்சந்திப் பதிப்பு' என்று எழுதிப் பார்த்தேன், ஏதோ புத்தகத்தின் இரண்டாம் பதிப்பு போலத் தெரிகிறது. 'கல் பாவிய தரை' என்கிறோமே, அந்தப் 'பாவு' நல்ல வினை. 'நாற்சந்திப் பாவல்' என்றால்? எங்கள் மேசனிடம் சொன்னேன். நாற்சந்திக்குத் தலையாட்டினார், பாவலுக்கு "அதென்ன?" என்றார். அவர் வாயில் வருவது 'பதிக்கிறது' மட்டும்தான். அதனால் 'நாற்சந்திப் பதிகை' பக்கம் சாய்கிறேன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?