சம்பளச் சீட்டில் அந்த மூன்று டொலர்: உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள்

எக்ளின்டன் கிழக்கு:

வீட்டுப் பராமரிப்பில் இருப்பவர்களுக்கு மூன்று டொலர் கதையை நான் விளக்கத் தேவையில்லை. ஒன்ராறியோ அரசு பராமரிப்புப் பணியாளர்களுக்கு மணிக்கு மூன்று டொலர் கூட்டித் தந்தது 2020 ஒக்ரோபரில் தொடங்கியது. மார்ச் 31 வரை என்றார்கள், பிறகு ஜூன், பிறகு ஆகஸ்ட், பிறகு ஒக்ரோபர். ஒவ்வொரு முறையும் கடைசி நேரத்தில்தான் நீட்டினார்கள். அடுத்த மாத வாடகையை எந்தச் சம்பளத்தை வைத்துக் கணக்குப் பார்ப்பது என்று தெரியாமல் எத்தனை பேர் இருந்தோம்!

என் மனதில் நிற்பது 2021 மார்ச்சில் ஒரு காலை. அம்மா ஒருவருக்கு இறுக்கக் காலுறை போட்டுக்கொண்டிருக்கிறேன். அவருடைய குதிக்கால் என் கையில் இருக்கிறது. வீட்டிலிருந்தே வேலை செய்யும் மகன் வாசலில் வந்து நின்று, "உங்களுக்குச் சம்பளம் கூட்டிவிட்டார்களாமே, செய்தியில் சொன்னார்கள். இனியாவது எட்டு மணிக்கு வரலாம்தானே?" என்றார்.

அவர் கெட்டவர் இல்லை. அம்மாவைக் கண்ணும் கருத்துமாகப் பார்க்கிறவர். ஆனால் முந்தைய வீட்டிலிருந்து அவர் வீட்டுக்கு இரண்டு பஸ். அந்த மூன்று டொலரோ என் சீட்டில் வீட்டுக்குள் நின்ற நேரத்துக்கு மட்டும்தான் விழுந்தது. பஸ் தரிப்பில் நின்ற நேரத்துக்கு இல்லை. இதை அவரிடம் சொல்ல என் கையில் இருந்தது நாற்பத்தைந்து நிமிடம், அதற்குள் குளிப்பாட்டலும் இருந்தது. சொல்லவில்லை.

மல்லிகை68:

அக்கா, நீங்கள் சொன்னது அப்படியே எனக்கும் நடந்தது. ஆனால் நான் எழுத வந்தது வேறு.

நான் இலாப நோக்கற்ற நிறுவனம் ஒன்றில் யூனியன் பேச்சுவார்த்தைக் குழுவில் இருந்தேன். பொதுத்துறைச் சம்பள உயர்வுக்கு ஒன்ராறியோ அரசு உச்சவரம்பு போட்ட 124ஆம் சட்டமூலக் காலம். வருடத்துக்கு ஒரு சதவீதம், மூன்று வருடத்துக்கு. பலர் அது சம்பளத்துக்கு மட்டும் என்று நினைக்கிறார்கள். இல்லை. காப்புறுதி, சுகவீன விடுப்பு எல்லாம் சேர்ந்த மொத்தமும் அந்த ஒன்றுக்குள் அடங்க வேண்டும். பல் வைத்தியத்தைக் கூட்டிக் கேட்டால் அதையும் அந்த ஒன்றிலிருந்துதான் வெட்டி எடுக்க வேண்டும்.

எங்கள் குழுவில் இருந்த அக்கா ஒருவருக்கு முன்பல் உடைந்திருந்தது. கையால் வாயை மறைத்துக்கொண்டுதான் பேசுவார். பல் காப்புறுதிக் கோரிக்கையை முன்வைத்துப் பேசியவரும் அவரேதான். கையை எடுக்காமல் அவ்வளவையும் பேசி முடித்தார். எதிரில் இருந்த நிறுவனப் பிரதிநிதி கணினியில் ஏதோ தட்டிப் பார்த்துவிட்டு, "இது ஒரு சதவீதத்தைத் தாண்டுகிறது" என்றார். அவ்வளவுதான், அடுத்த கோரிக்கைக்குப் போய்விட்டார்கள். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவரிடமும் காசு இல்லை. மணித்தியாலத்துக்கு இவ்வளவு என்று அரசு கொடுப்பதைத்தான் அவர் எங்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறார். காசை வைத்திருப்பவர் அந்த அறைக்குள் ஒருநாளும் வந்ததில்லை. அதுதான் என்னை இன்றுவரை அரித்துக்கொண்டிருக்கிறது.

2022 நவம்பரில் உயர் நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லாது என்றது. 2024 பெப்ரவரியில் மேல்முறையீட்டிலும் அரசு தோற்றது. எங்கள் ஒப்பந்தத்தில் மறுபடி பேசலாம் என்ற வாசகம் இருந்ததால் நிலுவை கொஞ்சம் வந்தது. பல் உடைந்த அக்கா அதற்கு முன்பே எங்கள் வேலையை விட்டு ஒரு மருத்துவமனையில் வேலைக்குப் போய்விட்டார்.

கந்தரோடை:

மல்லிகை, நீங்கள் எல்லாப் பழியையும் 124இன் தலையில் போடுகிறீர்கள். நான் தனியார் நிறுவனத்தில் இருக்கிறேன். எங்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தவே இல்லை. ஒரு சதவீதத் தடை இல்லாத எங்களுக்கு யூனியன் எவ்வளவு வாங்கித் தந்தது என்று நினைக்கிறீர்கள்? ஒப்பந்தத்தைக் கையில் தந்தபோது முதல் பக்கத்திலேயே தெரிந்தது, அரசு அறிவித்த தொகைக்கு மேல் ஒரு சதமும் இல்லை. சந்தா மட்டும் தவறாமல் கழிகிறது.

இன்னொன்று. 2016 ஏப்ரலில் எங்களுக்குக் குறைந்தது மணிக்கு 16.50 என்று கொண்டுவந்து நிறுத்தினார்கள். அன்று அது பெரிய காரியம். 2018 ஜனவரியில் மாகாணக் குறைந்தபட்சச் சம்பளம் 14 டொலர் ஆனது. அந்தக் கிழமை கோப்பிக் கடையில் வேலை செய்யும் என் மருமகள், "மாமி, உங்களுக்கும் எனக்கும் இப்போது இரண்டரை டொலர்தான் வித்தியாசம்" என்றாள். சந்தோசமாகத்தான் சொன்னாள். அவள் உயர்ந்ததில் எனக்கும் சந்தோசம். ஆனால் நான் அன்று காலையில்தான் படுக்கைப்புண் உள்ள ஒருவரைத் தனி ஆளாகப் புரட்டிப் படுக்க வைத்துவிட்டு வந்திருந்தேன்.

பனிக்காலம்:

கந்தரோடை, மன்னிக்க வேண்டும், இதைக் கேட்டுக்கொண்டு பேசாமல் இருக்க முடியாது. அந்த 16.50 வானத்திலிருந்து விழவில்லை. 2013 டிசம்பரில் நாலாயிரத்துக்கும் அதிகமான வீட்டுப் பராமரிப்புப் பணியாளர்கள் மாகாணம் முழுவதும் வேலைநிறுத்தம் செய்தோம். மருத்துவமனைக்காரர்களுக்கு அந்த உரிமை சட்டத்தில் இல்லை, எங்களுக்கு உண்டு. அன்று எங்கள் கையில் கிடைத்தது மணிக்குப் பதினைந்து டொலர் அளவில். கார் எண்ணெயும் அதற்குள்தான். அடுத்த சித்திரையில் அரசு நாலு டொலர் அறிவித்தது. மூன்று தவணையாக: 1.50, 1.50, பிறகு 1. வேலைநிறுத்தம் இல்லாமல் அது வந்திருக்கும் என்று நீங்கள் உண்மையிலேயே நம்புகிறீர்களா?

அறிவித்த பிறகும் இழுபறிதான். மே முதலாம் திகதி வந்த வரவு செலவுத் திட்டத்தை எதிர்க்கட்சிகள் ஆதரிக்கவில்லை. ஜூன் 12இல் தேர்தல். எங்கள் ஒன்றரை டொலர் அந்தத் தேர்தல் முடிவுக்காகக் காத்துக் கிடந்தது. யார் வந்தால் கிடைக்கும், யார் வந்தால் கிடைக்காது என்று வாக்குச்சாவடியில் நின்று யோசித்த அனுபவம் எத்தனை தொழிலாளர்களுக்கு இருக்கும்?

மறியலில் நின்றபோது நான் வழக்கமாகக் குளிப்பாட்டும் ஆச்சி தொலைபேசியில் அழைத்தார். இலக்கம் அவருக்கு எப்படிக் கிடைத்ததோ தெரியாது. "பிள்ளை, இன்றைக்கு யார் வருவார்?" என்று கேட்டார். பனி கொட்டுகிறது, கையில் பதாகை. வேறு ஒருவர் வருவார் ஆச்சி என்றேன். "வேறு ஆட்கள் தண்ணீர் சூடு பார்க்க மாட்டார்கள்" என்றார். அவர் இப்போது இல்லை.

கணக்குப்பிள்ளை:

என் அனுபவம் சின்னது. சம்பளச் சீட்டில் மேலதிகத் தொகை தனி வரியாக வந்தபோது ஒரு கிழமை விடுபட்டிருந்தது. கேட்டேன், திருத்தினார்கள். கேட்டபோது அலுவலகத்தில் இருந்த பெண், "உங்களுக்கு முன் யாரும் கேட்கவில்லையே" என்றார். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஒவ்வொரு சீட்டையும் வைத்திருங்கள். படம் எடுத்தாவது வையுங்கள். ஒன்ராறியோவின் வேலைவாய்ப்புத் தரச் சட்டப்படி ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போகும் நேரம் வேலை நேரம். காலையில் உங்கள் வீட்டிலிருந்து முதல் வீட்டுக்குப் போவது அதில் சேராது, இடையில் உள்ளவை சேரும். எக்ளின்டன் அக்கா, உங்கள் இரண்டு பஸ்ஸும் இதில் அடங்கும். அந்த மூன்று டொலர் அதற்கு விழாமல் போகலாம், சம்பளமே இல்லாமல் போகக்கூடாது. போகிற வழி, ஏறிய நேரம், இறங்கிய நேரம் எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள்.

யூனியன் சந்தா வருமான வரிக் கணக்கில் 21200ஆம் வரியில் கழிவாகப் போகும். முதலாளி வருடா வருடம் தரும் ரி4 வருமானப் படிவத்தில் 44ஆம் பெட்டியைப் பாருங்கள். வேலைக்குச் சொந்தக் கார் ஓட்டுபவர்கள், வேலைச் செலவை உறுதிப்படுத்தும் ரி2200 படிவத்தில் முதலாளியிடம் கையெழுத்து வாங்குங்கள், அது இல்லாமல் எண்ணெய்ச் செலவைக் காட்ட முடியாது. மூன்று டொலரும் சம்பளம்தான், அதற்கும் கனடா ஓய்வூதியத் திட்டத்துக்குப் பிடித்திருக்கிறார்களா என்று பாருங்கள். இன்று பிடிப்பது வலிக்கும், அறுபத்தைந்தில் உதவும். 2022இல் அந்தத் தொகை நிரந்தரமானதை வைத்து யாரும் சீட்டைப் பார்க்காமல் விட்டுவிடாதீர்கள். கந்தரோடை, சந்தா கழிகிறது என்று வருந்துவதைவிட அடுத்த கூட்டத்துக்குப் போய் ஒப்பந்தத்தை வரிவரியாக வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். போகாதவர்களின் குரல் அங்கே பதிவாவதில்லை.

ஃப்ரீமான்ட் மகள்:

நான் கலிபோர்னியாவில் இருக்கிறேன். இங்கே வயதான தாயைப் பிள்ளையே பார்த்துக்கொண்டாலும் அரசுத் திட்டத்தில் மணிக்கு இவ்வளவு என்று சம்பளம் உண்டு, யூனியனும் உண்டு. சம்பளத்தைப் பேசுவது கவுண்டி என்ற உள்ளூர் மாவட்ட நிர்வாகத்தோடு, பெரும்பகுதிக் காசு மாநிலத்திலிருந்தும் மத்திய அரசிலிருந்தும்.

இங்கே பட்ஜெட் இடித்தபோது சம்பளத்தைத் தொடவில்லை, நேரத்தைத் தொட்டார்கள். 2013 ஜூலையில் எல்லாருடைய நேரத்திலும் 8 சதவீதம் வெட்டு, அடுத்த வருடம் 7 சதவீதம். 2015 ஜூலையில்தான் திருப்பித் தந்தார்கள். அந்த வெட்டுக் கடிதம் வந்த நாளை மறக்க முடியவில்லை. மாதத்துக்கு இத்தனை மணி, இத்தனை நிமிடம் என்று அச்சடித்திருந்தது. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்துவிட்டு, "நான் குணமாகிவிட்டேன் என்று நினைக்கிறார்களா?" என்று கேட்டார். உண்மையாகவே கேட்டார். டாக்டர் சொல்லித்தான் குறைத்திருப்பார்கள் என்று நம்பினார்.

வேலை குறையவில்லை, சம்பளம் வந்த நேரம் மட்டும் குறைந்தது. எங்கள் கவுண்டியில் மருத்துவக் காப்பீடு கிடைக்க மாதத்துக்குக் குறைந்தபட்ச மணிக்கணக்கு இருக்க வேண்டும். அம்மாவின் நேரத்தை வெட்டினால் என் காப்பீடும் விளிம்புக்கு வந்துவிடும். கணக்குப்பிள்ளை ஐயா, இதை எந்தக் கொப்பியில் எழுதுவது?

கந்தரோடை:

ஃப்ரீமான்ட் தங்கச்சி, உங்கள் அம்மாவின் கேள்வியை வாசித்துவிட்டு வேலையில் கை ஓடவில்லை.

பனிக்காலம் அக்கா, வேலைநிறுத்தத்தில் நின்றவர்களை நான் குறைத்துப் பேசவில்லை. நான் அப்போது இந்த வேலைக்கே வரவில்லை. என் கேள்வி இதுதான்: நாலு டொலரையும் மூன்று டொலரையும் அரசுதான் தந்தது என்றால், யூனியன் நிறுவனத்தோடு மட்டும் பேசி என்ன பயன்? மல்லிகை சொன்ன அந்த வராத ஆளை எப்படி மேசைக்கு வரவழைப்பது? இதற்கு யாராவது பதில் எழுதினால் அடுத்த கூட்டத்துக்கு அதைக் கொண்டு போகிறேன். மூன்றாம் செவ்வாய், மாலை ஏழு மணிக்கு.

மல்லிகை68:

நானும் வருகிறேன். ஆறரைக்கு என் கடைசி வீடு மார்க்கம் வீதியில், அங்கிருந்து ஏற்றிக்கொண்டு போனால் இருவரும் நேரத்துக்குப் போய்விடலாம்.