10 ஸ்பீடுக்கு 10 ஸ்பீடு போட்டும் கியர் தாவுகிறது. ஹேங்கரா, டீரெய்லரா?

வெண்ணாற்றங்கரை
அறுவடை நேரத்தில் நீடாமங்கலத்திலிருந்து மன்னார்குடிக்குச் சைக்கிளில் போகும்போது நடந்தது. ரோட்டில் பாதியை நெல் காயப்போட்டு மறித்திருந்தார்கள், மீதிப் பாதியில் வைக்கோல். ஏறிப் போய்விடலாம் என்று நினைத்தேன். பின் டீரெய்லரின், அதாவது செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளும் கையின், குட்டிச் சக்கரத்தில் வைக்கோல் சுற்றிக்கொண்டது. தெரியாமல் ஒரு மிதி கூடுதலாக மிதித்துவிட்டேன். டீரெய்லர் ஸ்போக்ஸுக்குள் போய் உடைந்தது, அதை வண்டியோடு மாட்டும் ஹேங்கரும் வளைந்தது.

வண்டியில் இருப்பது ஷிமானோ கம்பெனியின் டியாக்ரா 4700 கியர் செட், 10 ஸ்பீடு (பின்னால் 10 பல்சக்கரம்), முன்னால் 50, 34 பல் கிராங்க். கடையில் ஹேங்கரை நிமிர்த்தி, பழைய டியாக்ரா 4600 டீரெய்லர் ஒன்றைப் போட்டுக் கொடுத்தார்கள். "10-க்கு 10, சரியாப் போச்சு" என்றார்கள். சிறிய பல்சக்கரம் இரண்டில் சத்தமே இல்லை. மூன்றாவதில் கரகரப்பு. ஐந்தைத் தாண்டினால் ஒரு கிளிக்குக்கு இரண்டு தாவுகிறது. மூன்று முறை ட்யூன் செய்தாயிற்று. என்ன செய்யலாம்?

கேபிள்கணக்கு
ட்யூனிங்கில் தீராது. 4600, 4700 இரண்டுமே 10 ஸ்பீடுதான், ஆனால் கேபிள் இழுவை வேறு. ஷிமானோவின் பழைய 8, 9, 10 ஸ்பீடு ரோடு டீரெய்லர்கள் ஒரு மில்லிமீட்டர் கேபிளுக்குச் சுமார் 1.7 மி.மீ. நகரும். 11 ஸ்பீடில் அது சுமார் 1.4 ஆனது. 4700 பெயருக்குத்தான் 10 ஸ்பீடு, இழுவை 11 ஸ்பீடு வகை.

உங்கள் ஷிஃப்டர் (கியர் மாற்றும் லீவர்) ஒரு கிளிக்குக்கு ஏறக்குறைய 2.8 மி.மீ. இழுக்கிறது. 1.4-ஆல் பெருக்கினால் 3.9 வரும். 10 ஸ்பீடு கேசட்டின் (பின்சக்கரத்துப் பல்சக்கர அடுக்கு) பல்சக்கர இடைவெளி 3.95 மி.மீ., அதனால் சரியாக உட்காரும். 1.7-ஆல் பெருக்கிப் பாருங்கள், 4.8 வரும். கிளிக்குக்கு 0.8 கூடுதல். ஐந்து கிளிக்கில் 4 மி.மீ., அதாவது ஒரு முழுப் பல்சக்கரம் தள்ளி நிற்கும்.

பழைய இரும்பு
தம்பி, எடுத்ததும் கால்குலேட்டரைத் தட்ட வேண்டாம். ஸ்போக்ஸுக்குள் போய் வந்த ஹேங்கரைக் கண்மதிப்பில் நிமிர்த்தியிருக்கிறார்கள். அது கோணலாக இருந்தாலும் இதே கூத்துதான், ஒரு பக்கம் சரியாக இருக்கும், மறுபக்கம் தாவும். நான் 9 ஸ்பீடு எம்டிபி (மலை சைக்கிள்) டீரெய்லரை ரோடு ஷிஃப்டரோடு போட்டுக் கல்லணை வரை பல தடவை போய் வந்தவன். எல்லாம் செட் ஆகும். முதலில் ஹேங்கரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேபிள்கணக்கு
அண்ணே, 9 ஸ்பீடு எம்டிபி டீரெய்லரும் அதே 1.7 வகைதான், அதனால்தான் செட் ஆனது. 10 ஸ்பீடு எம்டிபி டீரெய்லரைப் போட்டிருந்தால் ஆகியிருக்காது. உங்களுக்கு வாய்த்ததை எல்லாருக்கும் விதியாக்கினால் அடுத்தவர் காசு போகும்.

உப்புக்காற்று
வேதாரண்யம் பக்கம் இருக்கிறேன். இங்கே அடிக்கிற காற்றில் எந்தப் புது சாமானும் சீக்கிரம் துருப்பிடிக்கும். டெல்டாவில் 10 கியர் எதற்கு? கல்லணையிலிருந்து பூம்புகார் வரை மேடென்று சொன்னால் ரயில்வே மேம்பாலம்தான். கிளிக் இல்லாத பழைய மாதிரி ஃபிரிக்‌ஷன் லீவர் ஒன்றை மாட்டிவிட்டால் எந்த டீரெய்லரும் எந்த கேசட்டும் ஓடும். காதால் கேட்டுத் திருப்பிக்கொள்ள வேண்டியதுதான்.

கேபிள்கணக்கு
ஓடும், மறுக்கவில்லை. ஆனால் அவர் வண்டியில் பிரேக்கும் ஷிஃப்டரும் ஒரே லீவரில் இருக்கின்றன. பிரேக்குக்கு அதை வைத்துக்கொண்டு கியருக்குத் தனி லீவர் தேட வேண்டும். ஒரு டீரெய்லர் வாங்குவது அதைவிடச் சுலபம்.

வெண்ணாற்றங்கரை
கேபிளைக் கொஞ்சம் தளர்த்தினால் அந்த 0.8 சரியாகாதா? கடையில் கேபிளை இறுக்கித் தளர்த்தும் திருகைத்தான் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.

கேபிள்கணக்கு
ஆகாது. நடவுக் கயிறு தெரியுமே? கயிற்றை இரண்டு சாண் இந்தப் பக்கம் இழுத்துக் கட்டினால் எல்லா முடிச்சும் சேர்ந்து நகரும், முடிச்சுக்கு முடிச்சு இடைவெளி மாறாது. அந்தத் திருகும் அப்படித்தான். நடுவில் சரிசெய்தால் இரண்டு ஓரமும் கெடும், ஓரத்தில் சரிசெய்தால் மறு ஓரம் கெடும்.

பழைய இரும்பு
உவமை நல்லாத்தான் இருக்கு. இருந்தாலும் அளக்காமல் நான் நம்பமாட்டேன். ஹேங்கரை அளக்கும் கேஜ் வேண்டாம், வழி சொல்கிறேன். ஹேங்கரின் மரை 10 மி.மீ., ஒரு மி.மீ. புரி. குவிக் ரிலீஸ் பின்சக்கர ஆக்சில் பெரும்பாலும் இதே மரைதான். டீரெய்லரைக் கழற்றிவிட்டு, வேறொரு பின்சக்கரத்தின் ஆக்சிலை ஹேங்கரில் முறுக்கி ஏற்றுங்கள். இரண்டு சக்கரமும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். ரிம்முக்கும் ரிம்முக்கும் உள்ள இடைவெளியை மேல், கீழ், முன், பின் அளந்து பாருங்கள். நாலும் ஒன்றாக இருந்தால் நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

கேபிள்கணக்கு
இது அருமையான வழி, எனக்குத் தெரியாது. அதோடு இதையும் செய்யுங்கள்: ஹேங்கர் நேரானதும் டீரெய்லரை மாட்டி, செயின் இல்லாமல், சின்னப் பல்சக்கரத்துக்கு நேரே நிறுத்துங்கள். ஐந்து கிளிக் தட்டி, குட்டிச் சக்கரம் எதற்கு நேரே நிற்கிறது என்று பின்னாலிருந்து பாருங்கள். ஆறாவதென்றால் நான் சொன்னது தப்பு.

வெண்ணாற்றங்கரை
இரண்டையும் இன்று செய்தேன். அண்ணன் சொன்னது பாதி சரி. மேலுக்கும் கீழுக்கும் ஒரு விரல் தடிமன் வித்தியாசம் இருந்தது. சக்கரத்தையே பிடித்துப் பதமாக வளைத்து நேராக்கினேன். மாட்டிப் பார்த்தால் கரகரப்பு குறைந்தது, தாவல் போகவில்லை. ஐந்து கிளிக்கில் ஏழாவதுக்கு நேரே போய் நிற்கிறது.

பழைய இரும்பு
சரி, ஏழு என்றால் ஏழு. ஆனால் ஹேங்கரைப் பார்க்காமல் புது டீரெய்லர் வாங்கியிருந்தால் கரகரப்பு அப்படியேதான் இருந்திருக்கும், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு தடவை வளைந்து நிமிர்ந்த அலுமினியம் நம்பிக்கைக்கு ஆகாது. புது ஹேங்கர் ஒன்று வாங்கிப் பையில் போடுங்கள். வண்டிக்கு வண்டி உருவம் வேறு, பழசைக் கையில் வைத்து ஒப்பிட்டு வாங்க வேண்டும்.

கேபிள்கணக்கு
அதில் எனக்கும் சண்டை இல்லை. டீரெய்லர் வாங்கும்போது ஸ்பீடைக் கேட்காதீர்கள், முதுகில் பொறித்திருக்கும் எண்ணைப் பாருங்கள்: ஆர்டி-4700. எஸ்எஸ் (குட்டை), ஜிஎஸ் (நீளம்) என்று இரண்டு அளவு உண்டு. உங்கள் கேசட் என்ன?

வெண்ணாற்றங்கரை
11-32.

கேபிள்கணக்கு
அப்படியானால் ஜிஎஸ். முன்னால் 50-34 வித்தியாசம் 16, பின்னால் 32-11 வித்தியாசம் 21, மொத்தம் 37 பல் செயின் தளர்வை அது இழுத்துப் பிடிக்க வேண்டும். எஸ்எஸ் வகை, பின்னால் பெரிய பல்சக்கரம் 28 பல் வரைக்கும்தான்.

உப்புக்காற்று
டெல்டாவில் 32 பல்லா! மேம்பாலத்தில் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டு ஏறலாம்.

வெண்ணாற்றங்கரை
கொல்லிமலை ஏற ஆசை அண்ணே, அதற்குத்தான். 4700 ஜிஎஸ் ஆர்டர் போட்டாயிற்று.

பழைய இரும்பு
அந்த 4600-ஐ என்ன செய்யப் போகிறீர்கள்? என்னிடம் 9 ஸ்பீடு சோரா 3500 ஒன்று டீரெய்லர் ஸ்பிரிங் தளர்ந்து கிடக்கிறது. கேபிள்கணக்கு தம்பி, அது 1.7 தானே?

கேபிள்கணக்கு
1.7 தான் அண்ணே. தாராளமாகப் போடலாம்.